சாப்பாட்டுக்குப் பின்

எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்நாளைய சிங்கப்பூரில் வெள்ளைக் கோட்டு மாட்டிய பெண் யாராக இருந்தாலும் மிஸ்ஸிதான், அதாவது நர்ஸ். நான் நர்ஸ் இல்லை, மருந்தாளர், அதற்கென்று படித்துத் தேறியவள் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். “சரி மிஸ்ஸி” என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

கடை சிராங்கூன் ரோட்டில், தேக்கா பாசார் என்கிற சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஐம்பதுகளின் நடுவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முன்பக்கம் முதலாளி உட்கார்ந்து தைலம், பேதி மாத்திரை, முகப்பவுடர் எல்லாம் விற்பார். மரத்தடுப்புக்குப் பின்னால் நின்று நான் டாக்டர்களின் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பேன். அப்போதெல்லாம் பாதி மருந்து கையால் கலப்பதுதான். தூளை நிறுத்து, கல்வத்தில் அரைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குப்பியில் அடைக்க வேண்டும். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்குப் பல் பல்லாய் வெட்டிய காகிதப் பட்டையைக் குப்பியின் முதுகில் ஒட்ட வேண்டும். நாங்கள் அதை மிக்ஸ்சர் என்போம். “இன்னிக்கு மிக்ஸ்சர்ல காரம் எப்படி மிஸ்ஸி?” என்று பக்கத்துப் பலகாரக் கடைக்காரர் வாரம் தவறாமல் கேட்பார். வாரம் தவறாமல் நானும் முறைப்பேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதற்கேற்ற வேலையும் அமைந்தது. மருந்து விஷயத்தில் நம் ஆட்களைப் போலப் பிடிவாதக்காரர்களை நான் பார்த்ததில்லை. காய்ச்சல் விட்ட மறுநிமிடம் மாத்திரையை விட்டுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் ‘சூடு’ என்பார்கள். தனக்குக் கொடுத்த மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பங்கு வைப்பார்கள், கோயில் பிரசாதம் மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே கைவசம் ஒரு பழமொழி வைத்திருப்பார்கள்: விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான். அதை முதலில் சொன்ன ஆள் என் கையில் சிக்கியிருந்தால், மூன்று நாளும் விளக்கெண்ணெய் புகட்டி அனுப்பியிருப்பேன்.

மூன்று நாளில் தீராத நோய் எங்கள் வீட்டுக்கே வந்தது. அறுபத்திரண்டாம் ஆண்டு என் தம்பி இரும ஆரம்பித்தான்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், தம்பி. அப்பா நாங்கள் சிறுவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே இரும்புச் சாமான் கடை. தம்பி துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தான். அவனுடைய புத்தியும் கிளார்க் புத்திதான். தெருவில் ஒரு வண்டி இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு வரும்வரை நின்றுதான் கடப்பான். எழுதிய விதியில் ஒரு காற்புள்ளி இருந்தால் அங்கே நின்று மூச்சு விட்டுவிட்டுப் போவான் என்று நான் கேலி செய்வேன். அவனும் சிரிப்பான். சண்டை போடத் தெரியாத பிள்ளை. எனக்கும் சேர்த்து அவனுக்குப் பொறுமை கொடுத்திருந்தார் கடவுள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு வெள்ளைப் படலம். சயரோகம். நான் தினமும் கடையில் கேட்கிற வார்த்தைதான், ஆனாலும் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த நோய் எந்தெந்த வீட்டை எப்படியெப்படிக் காலி செய்தது என்று எனக்குத் தெரியும். தம்பி பிழைக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பிழைக்க வழியும் இருந்தது. அதுதான் கொடுமை. பத்து வருடம் முந்தி வந்திருந்தால் தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். இப்போது ஊசி இருந்தது, மாத்திரை இருந்தது, தூள் அடைத்த பெரிய பெரிய மருந்துறைகள் இருந்தன. ஒன்றரை வருடம், இரண்டு வருடம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். ஒன்று மட்டும் முக்கியம், விடக்கூடாது. டாக்டர் அதை என்னைப் பார்த்துச் சொன்னார், நான் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன், அம்மா மேல்மாடி முழுக்கச் சொன்னாள்.

அந்தத் தூள் இருக்கிறதே, பொல்லாதது. வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். முதல் வாரத்தில் ஒருநாள் காலையில் அவசரமாக வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, குளியலறை வாசலிலேயே வாந்தி எடுத்தான். இதற்காகத்தான் உறையிலேயே எழுதியிருந்தது: தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஆஸ்பத்திரியில் தமிழில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அம்மா அதை ஸ்லோகம் மாதிரி மனப்பாடம் செய்தாள். தம்பி சாப்பிட்டு, கை கழுவி, துடைத்து, அப்புறம் மருந்துறையைப் பிரிப்பான். அவனைப் போல நோயாளி கிடைத்தால் என் வேலை எவ்வளவு சுலபம் என்று நான் பெருமைப்பட்டேன்.

சில மாதங்களில் உடம்பு தேறியது. இருமல் நின்றது. சட்டைக் காலர் மறுபடி கழுத்தோடு ஒட்டி நின்றது. சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊசியை நிறுத்தி, மாத்திரையையும் தூளையும் மட்டும் தொடரச் சொன்னார்கள். துறைமுகத்தில் இலகுவான வேலை கொடுத்து மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நான் ஒருநாள் கடையிலிருந்து திரும்பி வந்தபோது அவன் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அம்மா அப்போதுதான் வேண்டுதலைச் சொன்னாள்.

“எம்புள்ளைக்கு உடம்பு நல்லாயிட்டா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வைக்கிறேன்னு முருகன்கிட்ட வேண்டியிருக்கேன். ஒரு மண்டலம் விரதம் இருக்கணும். ஒரு பொழுதுதான் சாப்பாடு.”

“இன்னும் முழுசா நல்லாகலைம்மா. மருந்து இன்னும் ஒரு வருஷம் இருக்கு.”

“அதான் நல்லாயிட்டு வருதுல்ல. சாமி செஞ்சதை நாம செய்யாம விடக்கூடாதுடி. லங்கணம் பரம ஔஷதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

பட்டினியே பெரிய மருந்து. இதுவும் ஒரு பழமொழி. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, “இருக்கேன்மா” என்று சொல்லிவிட்டான். அவனுக்கும் ஆசைதான். இருமிக் கிடந்த நாளில் அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஊர் பார்க்க மஞ்சள் வேட்டி கட்டிப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்தால், நான் நல்லாயிட்டேன் என்று எல்லாருக்கும் சொன்ன மாதிரி இருக்கும். அதை நானும் புரிந்துகொண்டேன். ஆனாலும் அவனைத் தனியே கூப்பிட்டேன்.

“விரதம் இருக்க வேணாம்னு நான் சொல்லலைடா. ஆனா மருந்தை மட்டும் விட்டுடாத.”

“விடுவேனா? சொன்ன மாதிரிதான் சாப்பிடுவேன் அக்கா.”

விரதம் நடந்துகொண்டிருக்கும்போதும் ஒருமுறை கேட்டேன். “சொன்ன மாதிரிதான் சாப்பிடுறேன்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. காலையில் நான் அவனுக்கு முன்பே கிளம்பிவிடுவேன். கடையை அடைத்துவிட்டு வீடு வரும்போது அவன் தூங்கியிருப்பான். மதியம் பூசை முடிந்து அம்மா சோறு போட, சாப்பிட்டுக் கை கழுவித் துடைத்து அவன் மருந்து போட்டதை அம்மா கண்ணால் பார்த்தாள். இலகுவான வேலை என்பதால் மதியம் வீட்டுக்கு வந்துபோக விட்டிருந்தார்கள்.

அறுபத்து மூன்று தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், விரதம் இருந்தால் இளைக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். வழியெல்லாம் அம்மா அவன் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பூசம் கழிந்து வெகுநாள் ஆகவில்லை, இருமல் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பாசாருக்குப் போயிருந்த நேரம். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வேண்டிய முறை. மறக்காமல் வாங்கிவிடு என்று நான் சொன்னேன். தம்பி கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து என் முன்னால் திறந்து வைத்தான்.

“அவசரம் இல்லக்கா. நிறைய மிச்சம் இருக்கு பாரு.”

டின்னில் மருந்துறைகளும் மாத்திரைப் பொட்டலங்களும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. வீணாக்காமல் சேர்த்து வைத்த பெருமை அவன் முகத்தில் தெரிந்தது.

“எப்படிடா மிச்சம் வந்துச்சு?”

“விரதத்துல மிச்சம் ஆனதுதான். ஒரு வேளைதானே சாப்பிட்டேன்.”

“சோறு ஒரு வேளை. மருந்து?”

“மருந்தும் ஒரு வேளைதான். சாப்பாட்டுக்குப் பின்னாடின்னுதானே போட்டிருக்கு. சாப்பாடே இல்லாதப்ப பின்னாடி எங்கக்கா வரும்?”

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கீழே இரும்புக்கடையில் தகரம் வெட்டுகிற சத்தம் நின்றது. தம்பி டின்னின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவனுக்கு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்தபோது அவன் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் எழுத முடியவில்லை.

“தப்பாயிடுச்சாக்கா?”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா. விரதம் இருக்கச் சொன்னது அவங்கதானே. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. நான் செத்தாலும் சொல்லாத.”

செத்தாலும் என்று சொன்னதற்காக அவனை ஒன்று போட்டேன். பிறகு சத்தியம் செய்து கொடுத்தேன்.

சளியைப் பரிசோதித்தார்கள். கிருமி திரும்பியிருந்தது. அது மட்டுமில்லை, பழைய மருந்து எதற்கும் மசியவில்லை. பாதி அடித்து விட்ட பாம்பு மாதிரி, மூன்றில் ஒரு பங்கு மருந்தில் சாகாமல் பிழைத்துக்கொண்ட கிருமி இனி அந்த மருந்துக்கு அஞ்சாது. டாக்டர் இதை எனக்கு விளக்கியபோது தலையாட்டிக்கொண்டே கேட்டேன். இதெல்லாம் நான் படித்துப் பரீட்சை எழுதியதுதான்.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அலைந்தேன். அம்மாவைத் திட்ட முடியுமா? சொன்னதைச் சொன்னபடி செய்த தம்பியைத் திட்ட முடியுமா? முருகனைத் திட்டினேன், அவருக்குப் பதில் சொல்கிற வழக்கம் இல்லை. கடைசியில் அந்த நான்கு சொல்லைத்தான் திட்டினேன். மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். எல்லாருக்கும் மூன்று வேளையும் சோறு இருக்கும், எல்லாரும் மூன்று வேளையும் உண்பார்கள் என்று நினைத்துக்கொண்ட எவனோ எழுதி வைத்தது. நாங்களும் காலம் காலமாக அதையே எழுதிக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு கடையில் மருந்து கொடுக்குமுன் எல்லாரையும் கேட்க ஆரம்பித்தேன்: “எத்தனை வேளை சாப்பிடுறீங்க?” பலருக்கு அது அவமானமாகப் பட்டது. “என்ன மிஸ்ஸி, சோறு போடப் போறீங்களா?” என்று சிலர் எகிறினார்கள். கேட்டால்தானே தெரிகிறது. கப்பலில் மூட்டை தூக்குகிறவர்கள் காலையில் வெறும் கோப்பியோடு போகிறார்கள், அவர்களுக்குச் சாப்பாடு இரண்டு வேளை. இரவுக் காவல் பார்க்கிறவர் விடியற்காலையில் உண்டு பகலெல்லாம் தூங்குகிறார். வெள்ளி, செவ்வாய், கிருத்திகை, சஷ்டி என்று பெண்கள் பாதி மாதம் பட்டினி. அத்தனை பேரும் சோறு இல்லாத வேளைகளில் மருந்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள், அதுதான் முறை என்று நம்பி. சர்க்கரை வியாதிக்காரர்களின் கணக்கு வேறு, அவர்களை டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். மற்றவர்களிடம், “சோறு இருந்தாலும் இல்லாட்டியும் மருந்தைப் போடுங்க, ஒரு பிஸ்கட்டோட, ஒரு வாய்க் கஞ்சியோட போடுங்க” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. முதலாளி ஒருநாள், “ஏம்மா, கூட்டம் வாசல் வரைக்கும் நிக்குது” என்றார். “நிக்கட்டும்” என்றேன்.

தம்பிக்கு வேறு மருந்து வேண்டும். புதிதாக ஒன்று வந்திருப்பதாகவும், பழையதற்கு அடங்காத கிருமியைச் சிலருக்கு அது அடக்குவதாகவும் டாக்டர் சொன்னார். இங்கே கிடைப்பது அரிது, சீமையிலிருந்து தருவிக்க வேண்டும். நான் முதலாளியின் காலில் விழாத குறை. அவர் நல்ல மனிதர், தன் ஏஜெண்டிடம் சொல்லி எழுதிப் போட்டார். பதில் வந்து, அனுமதி வாங்கி, கப்பல் ஏறி வருவதற்குள் மாதக்கணக்கில் போய்விட்டது. அதற்குள் அவனைக் காசநோய் வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் கட்டில் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அந்த நாட்களில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. சிங்கப்பூர் மலாயாவோடு சேர்ந்தது நல்லதா கெட்டதா, இந்தோனீசியாக்காரன் என்ன செய்வான், வெள்ளைக்காரன் போனால் அவன் கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கிறவர்கள் கதி என்ன. கடை பெஞ்சில் ஆண்கள் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு கத்துவார்கள். என்னையும் அபிப்பிராயம் கேட்பார்கள். எனக்கு ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது. தலைவர்கள் மேடையில் பேசுவதும் நாங்கள் குப்பியில் சீட்டு ஒட்டுவதும் ஒன்றுதான். கேட்டவனுக்கு என்ன புரிந்தது என்று யாரும் திரும்பிக் கேட்பதில்லை. இதைச் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அறுபத்து நான்கு ஜூலையில் மருந்து துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. வந்துவிட்டதென்று தகவல் கிடைத்த வாரமே மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் வெடித்தது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். சிராங்கூன் ரோட்டில் ஈ காக்கை இல்லை. என் தம்பியின் உயிர் ஒரு மரப்பெட்டிக்குள், ஏதோ ஒரு கிடங்கில், நான் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. நான் ஜாலான் புசாரில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை பொறுக்க மாட்டாமல் இறங்கி நடக்கவும் செய்தேன். தெருமுனையில் துப்பாக்கியோடு நின்ற மலாய்ப் போலீஸ்காரன், “பாலிக்! பாலிக்!”, திரும்பிப் போ என்று விரட்டினான். மருந்து, ஆஸ்பத்திரி, தம்பி என்று தெரிந்த மலாய்ச் சொல்லையெல்லாம் கொட்டினேன். அவனுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும், பயந்து போயிருந்தான். “பாலிக்லா, காக்கா” என்றான் கடைசியில், போய்விடுங்கள் அக்கா என்று கெஞ்சுகிற மாதிரி. திரும்பி வந்தேன்.

சாமான் வாங்கிக்கொள்ள ஊரடங்கைத் தளர்த்திய நேரங்களில் நானும் முதலாளியும் துறைமுகத்துக்கு ஓடினோம். போனால் கிடங்கு பூட்டியிருக்கும், திறந்திருந்தால் கையெழுத்துப் போடுகிற ஆள் வந்திருக்க மாட்டார். ஒருவழியாகப் பெட்டி கைக்கு வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

புது மருந்து பழையதைவிடக் குமட்டுகிற மருந்து. தம்பிக்கு அப்போது இரண்டு கரண்டிக் கஞ்சி இறங்குவதே பெரும்பாடு. முதல்நாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“சாப்பிடலைன்னாலும் போடணுமாக்கா?”

“போடணும்டா கண்ணு.”

“சரி.”

போட்டான். வாந்தி எடுத்தான். மறுபடி போட்டான். ஒரு வேளைகூட விடவில்லை. வார்டில் எல்லாரும் அவனைத்தான் உதாரணம் காட்டினார்கள். ஆனால் இரண்டு நுரையீரலும் அரித்துப் போயிருந்தன. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்கள். எங்களுக்கு வாய்க்கும் எட்டியது, காலம்தான் தாண்டியிருந்தது. வருடக் கடைசி மழையில், நான் கடையில் யாருக்கோ இருமல் மிக்ஸ்சர் கலந்துகொண்டிருந்த மத்தியான வேளையில், ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்துப் போய்விட்டான். முதலாளிதான் தொலைபேசியை எடுத்தார். அவர் தடுப்பைச் சுற்றி என் பக்கம் வந்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

அம்மா அழவில்லை. அழாதது எனக்குப் பயமாக இருந்தது. சடங்கெல்லாம் முடிந்து வந்தவர்களிடம், “முருகன் ரெண்டு வருஷம் கூடுதலாக் குடுத்தான், அவ்வளவுதான் நம்ம பங்கு” என்று ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். கடையில் யாராவது மருந்தைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொன்னால் விட மாட்டேன், எகிறிக்கொண்டு திருத்துவேன். வீட்டில் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டேன். சத்தியம் செய்து கொடுத்திருந்தேனே. சில நாள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மறு ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. கடை வானொலியைச் சுற்றிக் கூட்டம். ஜோகூரில் அண்ணன் இருக்கிறான், இனி பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்டவர்கள், தண்ணீர் வருமா என்று கேட்டவர்கள், பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள். பெரிய நாள்தான். நான் தடுப்புக்குப் பின்னால் நின்று, “சோறு இருந்தாலும் இல்லாட்டியும் போடணும்” என்று ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரிந்தது, சேர்ந்தது எதுவும் எனக்குள் இறங்கவில்லை.

சாவு நடந்த வீடு என்று ஒரு வருடம் கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை. அதற்கடுத்த தைப்பூசத்துக்கு அம்மா விடியுமுன்பே குளித்துக் கிளம்பிவிட்டாள். அந்தக் கோயில் வாசலை மறுபடி மிதிக்க எனக்குத் துளியும் விருப்பமில்லை. அவளைத் தனியே விடவும் மனமில்லை. கூடப் போனேன்.

பெருமாள் கோயில் வளாகம் முழுக்கக் காவடியும் பால்குடமும். மேளம், கற்பூரப் புகை, அலகு குத்துகிற இடத்தில் வேல் வேல் என்ற கூச்சல். செருப்பை விட்டுவிட்டு நிமிர்வதற்குள் அம்மாவைக் காணோம். கூட்டத்தில் நெருக்கியடித்துத் தேடினேன். பால் நிரப்புகிற வரிசையின் பக்கம் அவள் நின்றிருந்தாள். குடத்தோடு நின்ற ஒரு நடுத்தர வயது ஆளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். யாரோ தெரிந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துப் பின்னால் போய் நின்றேன்.

“தம்பி, எத்தனை நாளா விரதம்?”

“ஒரு மண்டலம்மா.”

“மருந்து மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுற உடம்பா?”

அவர் சங்கடமாகச் சிரித்தார். “பிரஷருக்கு ரெண்டு வேளை குடுத்திருக்காங்க. விரதத்துல காலையில போடுறதில்லைம்மா. முடிச்சிட்டு எல்லாத்தையும் ஒழுங்கா ஆரம்பிச்சிடுவேன்.”

“போடணும்யா. விரதம் சோத்துக்குத்தான். மருந்துக்கு இல்ல. சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு.” அம்மா அவருடைய முழங்கையை விடவில்லை. “எம்புள்ள இப்படித்தான் விட்டான். நான்தான் விரதம் இருக்க வச்சேன்.”

“இப்ப எப்படிம்மா இருக்காரு?”

“நாளைக்குக் காலையிலேருந்து போட்டுடு” என்றாள் அம்மா. அவர் தலையாட்டிவிட்டு வரிசையோடு நகர்ந்தார். அவள் அடுத்து நின்ற பெண்ணின் கையைப் பிடித்தாள். எத்தனை பேரிடம் இப்படிக் கேட்டு முடித்திருந்தாளோ தெரியாது. யார் அவளுக்குச் சொன்னார்கள், எப்போது தெரிந்துகொண்டாள், அதுவும் எனக்குத் தெரியாது, இன்றுவரை கேட்கவில்லை. ஏறக்குறைய மூன்று வருடமாக நான் அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்ததை அவள் என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள். “அம்மா” என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் மறுகோடியைக் கையால் காட்டினாள்.

“சும்மா ஏன்டி நிக்கிற? அந்தப் பக்கம் நிக்கிறவங்களை நீ போய்க் கேளு.”